சிப்பி ஓட்டுக் கால்சைட்டும் குகைக் கால்சைட்டும் ஒன்றா?

தேடல் எழுதியது:

நண்பர்களே, ஒரு சந்தேகம். சுண்ணாம்புக் குகையின் கூரையிலிருந்து விழுதாகத் தொங்கும் கல்லும் கால்சியம் கார்பனேட், சிப்பி ஓடும் கால்சியம் கார்பனேட். கால்சைட் என்பது அதன் பொதுவான படிக வடிவம். அமிலத்தில் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி நுரைக்கின்றன. ஒன்றைச் செய்தது சொட்டும் நீர், இன்னொன்றைச் செய்தது ஓர் உயிர் என்கிறோம். அந்த உயிர் உண்மையிலேயே எதையாவது செய்ததா? கடல்நீரில் கரைந்திருந்தது அதுபாட்டுக்குப் படிய, சிப்பி இடம் மட்டும் கொடுத்ததா? பாடப் புத்தகங்களில் கனிமங்கள் ஒரு பாடத்தில் வருகின்றன, எலும்பும் பல்லும் வேறு பாடத்தில் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பேசுகிற ஆளைக் காணோம்.

பாறைநேயன் எழுதியது:

உயிரில்லாத பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், உயிரியல்காரர்கள் பிறகு வரட்டும்.

அணுக்கள் இப்போது இருக்கும் நிலையில் தொடர்ந்து இருக்க முடியாமல் போகும்போது கனிமம் பிறக்கிறது. பாறைக்குழம்பு ஆறும்போது மக்னீசியமும் இரும்பும் சிலிக்காவோடு (சிலிக்கான் ஆக்சைடு) சேர்ந்து ஒலிவின் என்ற கனிமமாக முதலில் பிரிகின்றன. கடைசியில் மிஞ்சிய சிலிக்கா குவார்ட்ஸாகிறது. நார்மன் போவன் 1920களில் இந்த வரிசையைத் தெளிவாக வகுத்துத் தந்தார். பாறைகளை ஆய்வகத்தில் உருக்கி ஆறவைத்துப் பார்த்தவர் அவர். நிலத்தடி வெந்நீர் விரிசல்கள் வழியே மேலேறிக் குளிரும்போது, சுமந்துவந்த குவார்ட்ஸையும் சில இடங்களில் தங்கத்தையும் வழியிலேயே விட்டுவிடுகிறது. கடல்நீர் வற்றினால் முதலில் கார்பனேட், அடுத்து ஜிப்சம் வரும். உப்பு வருவதற்குள் நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

எனக்குப் பிடித்தது உருமாற்றப் பாறைகள். எதுவும் உருகாமல், திடநிலையிலேயே அணுக்கள் இடம் மாறிக்கொள்ளும். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் ஒரே விகிதத்தில் இருந்தாலும் அழுத்தம் மிகுந்தால் கயனைட், அழுத்தம் குறைந்தால் ஆண்டலூசைட், வெப்பம் மிகுந்தால் சில்லிமனைட். ஒரு பாறைத்துண்டில் இவற்றில் எது இருக்கிறது என்று பார்த்தே அது எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் கிடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கரைசல் எழுதியது:

பாறைநேயன் ஒரு படியைத் தாண்டிப் போய்விட்டார். தேடல் கேட்ட கேள்விக்கு அந்தப் படிதான் முக்கியம்.

கரைசல் அதிதெவிட்டிய நிலைக்கு, அதாவது தாங்கக்கூடியதைவிட அதிகம் கரைந்திருக்கும் நிலைக்கு, வந்த உடனே படிகம் வந்துவிடாது. சில பத்து அணுக்கள் கூடிய துணுக்கில் பெரும்பாலான அணுக்கள் மேற்பரப்பில்தான் இருக்கும், அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. அதனால் துணுக்கு சேர்ந்த வேகத்திலேயே கலைந்துபோகும். தற்செயலாக ஏதோ ஒன்று குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு கரைவதைவிட வளர்வது எளிது. அந்த அளவை எட்டியதைப் படிகக்கரு என்கிறோம். தூசியோ கீறலோ வேறொரு படிகமோ அருகில் இருந்தால் தடை தாழ்ந்துவிடும்.

கண்ணாடித் தகட்டில் அடர்த்தியான உப்புக் கரைசல் ஒரு சொட்டு வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று ஓரத்தில் ஒரு கனசதுரம் தெரியும். சற்று முன் பார்த்த இடம்தான், அங்கே ஒன்றும் இருந்திருக்காது. சொட்டு வேகமாக உலர்ந்தால் இன்னொரு வேடிக்கை: கனசதுரத்தின் முகங்கள் நடுவில் குழிந்து, விளிம்புகள் மட்டும் படிப்படியாக உயர்ந்து நிற்கும். அயனிகள் முதலில் வந்து சேர்வது மூலைகளிலும் விளிம்புகளிலும்தானே, நடுப்பகுதிக்கு வந்து சேர நேரமில்லை.

இதற்கு நேர் எதிர் மெக்சிகோவின் நைக்கா சுரங்கம். அங்கே 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்த குகையில் 11 மீட்டர் நீள ஜிப்சம் படிகங்கள் கிடக்கின்றன. குகை நிறைய நீர், வெப்பம் 58 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அந்த நிலையில் நீர் ஜிப்சத்தின் தெவிட்டு நிலையை ஒரு மயிரிழைதான் தாண்டியிருந்தது. புதுக்கரு பிறக்கப் போதாது, இருக்கும் படிகம் வளரப் போதும். அதனால் எண்ணிக்கை குறைந்தது, அளவு பெருத்தது. ஒரு மீட்டர் தடிமன் சேர ஏறக்குறைய பத்து லட்சம் ஆண்டு ஆகியிருக்கும் என்று வளர்ச்சி வேகத்தை அளந்து கணக்கிட்டிருக்கிறார்கள்.

தேடல் எழுதியது:

நைக்கா படங்களைப் பார்த்திருக்கிறேன், காரணம் இப்போதுதான் புரிகிறது. சரி, உயிர்கள் இதில் எங்கே வருகின்றன?

நுண்ணோக்கி எழுதியது:

இரண்டு விதமாக வருகின்றன. இந்தப் பிரிவினையைத் தெளிவாக எழுதியவர் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் என்ற ஆய்வாளர்.

முதல் விதம், கனிமம் உயிரின் பக்கவிளைவாகப் படிவது. நீலப்பச்சைப் பாக்டீரியா ஒளிச்சேர்க்கைக்காகச் சுற்றியுள்ள நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது. நீரின் காரத்தன்மை கூடுகிறது, கார்பனேட் படிகிறது. அது எங்கே படிந்தாலும் என்ன வடிவத்தில் படிந்தாலும் பாக்டீரியாவுக்குக் கவலையில்லை. ஸ்ட்ரோமட்டோலைட் என்ற அடுக்குப் பாறைகள் உருவாவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் வளர்கின்றன.

இரண்டாவது, உயிரே பிடித்து நடத்துவது. காக்கலித்தோஃபோர் என்ற ஒருசெல் பாசியைப் பாருங்கள். செல்லுக்குள்ளேயே ஒரு சவ்வுப் பை, அதற்குள் கால்சியம் ஏற்றப்படுகிறது. பைக்குள் கால்சைட் தட்டு ஒன்று, ஒவ்வொரு இனத்துக்கும் உரிய வடிவத்தில் வளர்ந்து முடிகிறது. முடிந்த தட்டைச் செல் வெளியே தள்ளித் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. டோவர் நகரத்தின் வெள்ளைப் பாறைச் சரிவு பெரும்பாலும் இந்தத் தட்டுகள்தான்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் கடல் முள்ளெலியின் முள்ளில் இருக்கிறது. குகைக் கால்சைட்டைச் சுத்தியலால் தட்டினால் சாய்சதுர முகங்களோடு பளிச்சென்று பிளக்கும், ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில். முள்ளெலி முள்ளும் கால்சைட், அதிலும் ஒற்றைப் படிகம். முனைவாக்கிய ஒளியில் வைத்துத் திருப்பினால் முள் முழுவதும் ஒரே சமயத்தில் இருண்டு ஒரே சமயத்தில் ஒளிரும். ஆனால் உடைத்தால் கண்ணாடி உடைந்ததுபோல் வளைவாக உடைகிறது. அணு அடுக்கு ஒன்றுதான், உடையும் விதம் வேறு. உள்ளே சிறிதளவு புரதமும் மக்னீசியமும் கலந்திருப்பதால் பிளவு நேர்க்கோட்டில் ஓட முடிவதில்லை. தவிர, முள்ளெலி படிகத்தை நேரடியாக வளர்ப்பதில்லை. முதலில் படிகமாகாத, ஒழுங்கற்ற கால்சியம் கார்பனேட்டை வேண்டிய வளைவில் கொண்டுவந்து வைக்கிறது. அது அங்கேயே மெல்லப் படிகமாகிறது.

எதிர்க்கேள்வி எழுதியது:

செல்லைப் பெரிய பொறியாளராக்கிவிட்டீர்கள். கடலின் மேற்பரப்பு நீர் கால்சைட்டுக்கு ஏற்கெனவே அதிதெவிட்டியதுதான். மக்னீசியம் குறுக்கிடுவதால் படியாமல் நிற்கிறது. கொஞ்சம் காரத்தன்மையைக் கூட்டினால் படிந்துவிடும். பவளம் செய்வதும் அதைத்தான்: தன் அடித்தோலுக்குக் கீழே உள்ள திரவத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றுகிறது. மீதி வேலையை வேதியியல் பார்த்துக்கொள்கிறது. வரும் கனிமமும் கடல்நீரில் தானாகப் படியும் அதே அரகோனைட், கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம். இதில் "உயிர் செய்தது" எவ்வளவு?

நுண்ணோக்கி எழுதியது:

பவளத்துக்கு நீங்கள் சொல்வது பெருமளவு பொருந்தும். கண்ணாடி ஓடு கட்டும் ஒருசெல் பாசியான டயட்டமுக்கு என்ன சொல்வீர்கள்?

கடல்நீர் சிலிக்காவுக்குத் தெவிட்டாத கரைசல். டயட்டம் ஓட்டைக் கடலில் போட்டால் மெல்லக் கரையும், இறந்த டயட்டங்களின் ஓடுகளில் பெரும்பகுதி கரைந்தும் போகிறது. அந்த நீரிலிருந்து சிலிசிக் அமிலத்தை இழுத்து, செல்லுக்குள் அடர்த்தியாக்கி, ஒரு பைக்குள் கண்ணாடியாக மாற்றி, துளை துளையாக ஒழுங்கான வடிவத்தில் ஓடு செய்கிறது. இதற்கென்றே சிலாஃபின் போன்ற புரதங்கள் வைத்திருக்கிறது. அக்காந்தேரியா என்ற ஒருசெல் கடல் உயிரி இன்னும் ஒரு படி மேலே. அதன் எலும்புக்கூடு ஸ்ட்ரான்சியம் சல்பேட், அதாவது செலஸ்டைன் என்ற கனிமம். கடல்நீரில் அது தானாகப் படிய வாய்ப்பே இல்லை. செத்து மூழ்கினால் கரைந்துவிடும், அதனால் புதைபடிவமாகக் கிடைப்பதும் அரிது.

அப்புறம் கைட்டான். பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் மெல்லுடலி. அதன் பல்லின் முனையில் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு இருப்பதை லோவன்ஸ்டாம் 1962இல் காட்டினார். அதுவரை மேக்னடைட் என்றால் பாறைக்குழம்பின் வெப்பம் அல்லது உருமாற்றம் வேண்டும் என்றே நினைத்திருந்தார்கள். இந்தப் பிராணி அதைக் கடல்நீரின் வெப்பநிலையில் செய்கிறது. காந்தத்தைக் காட்டினால் பல் ஒட்டிக்கொள்ளும்.

எதிர்க்கேள்வி எழுதியது:

டயட்டத்தை ஒத்துக்கொள்கிறேன், பவளத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் :)

பல்லவன் எழுதியது:

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நான் பல் மருத்துவத் துறை.

எல்லோரும் உயிர் எப்படிப் படிகம் செய்கிறது என்றே பேசுகிறீர்கள். என் பார்வையில் பெரிய வேலை அதற்கு எதிர்ப்புறம் இருக்கிறது: படிகம் வராமல் பார்த்துக்கொள்வது. நம் இரத்தத் திரவம் எலும்புக் கனிமமான அப்பட்டைட்டுக்கு அதிதெவிட்டிய கரைசல். நண்பர் கரைசல் சொன்ன அந்தப் படிகக்கருத் தடை மட்டும் போதாது, இத்தனை ஆண்டுகள் அது நம்மைக் காப்பாற்றாது. ஃபெட்டுயின் என்ற புரதம், பைரோபாஸ்பேட், மேட்ரிக்ஸ் கிளா என்ற இன்னொரு புரதம் எல்லாம் சேர்ந்து, முளைக்கும் படிகக்கருக்களை உடனுக்குடன் அமுக்குகின்றன. மேட்ரிக்ஸ் கிளா புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளைப் பற்றி 1997இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றின் தமனிச் சுவர்கள் சுண்ணாம்பேறி இறுகிப்போயின. இரண்டு மாதத்துக்குள் இரத்தக்குழாய் கிழிந்து இறந்தன. அந்தச் சுவர்களில் கனிமத்தைக் கொண்டுபோய் யாரும் வைக்கவில்லை. தடுத்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தால் எலும்பு என்பது தடை தளர்த்தப்பட்ட இடம். அங்கே மட்டும் ஒரு நொதி பைரோபாஸ்பேட்டை வெட்டிவிடுகிறது, கொலாஜன் என்ற புரத இழைகளுக்குள் சில நானோமீட்டர் தடிமனுள்ள அப்பட்டைட் தகடுகள் வளர்கின்றன. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கனிமம்.

பல் எனாமல் இதைவிடத் தீவிரம். எடையில் 96 சதவீதம் கனிமம். அதைச் செய்த செல்கள், பல் ஈறைவிட்டு வெளியே வந்ததும் அழிந்துவிடுகின்றன. அதனால்தான் எலும்பு கூடும், எனாமல் கூடாது. ஆனால் உமிழ்நீரும் அப்பட்டைட்டுக்கு அதிதெவிட்டியது என்பதால் சின்னச் சின்ன இழப்புகள் ஈடாகின்றன. வாயின் பி.எச். ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால் கணக்கு தலைகீழாகிக் கரையத் தொடங்கும். ஃப்ளூரைடு சேர்ந்த அப்பட்டைட் 4.5 வரை தாங்கும்.

அதே உமிழ்நீர்தான் பல்காரைக்கும் காரணம். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் நாக்கால் தடவினால் பலருக்குச் சொரசொரப்பாக இருக்கும். தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. புதிதாக வரும் உமிழ்நீர் முதலில் சந்திப்பது அந்தப் பற்களில் படிந்திருக்கும் கிருமிப்படலத்தை. படலம் கனிமமாக இறுகிவிடுகிறது.

கல்லுக்காரன் எழுதியது:

சிறுநீரகக் கல் வந்து அவதிப்பட்டவன் என்ற தகுதியில் கேட்கிறேன். எனக்கு வந்தது கால்சியம் ஆக்சலேட் என்றார்கள். அதுவும் கனிமமா?

பல்லவன் எழுதியது:

பெரும்பாலானவர்களின் சிறுநீர் கால்சியம் ஆக்சலேட்டுக்கு அடிக்கடி அதிதெவிட்டிய நிலையில்தான் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் கல் வருவதில்லை. சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைக்கிறது, சில புரதங்கள் படிகத்தின் முகங்களில் ஒட்டி வளர்ச்சியை நிறுத்துகின்றன, மீதிச் சின்னப் படிகங்கள் சிறுநீரோடு போய்விடுகின்றன. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வது கரைசலை நீர்க்கச் செய்யத்தான். உங்களுக்கு என்ன காரணம் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும், இங்கே வேண்டாம்.

பாறைநேயன் எழுதியது:

கல்லுக்காரரே, உங்கள் கல்லுக்கு நிலவியலில் பெயரே உண்டு. ஒரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் ஆக்சலேட் ஹியூவெலைட் (whewellite). நீர் மூலக்கூறுகள் இரண்டுக்குச் சற்று மேலே போனால் வெட்டெலைட், அது முதலில் கிடைத்தது அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடலின் அடிமண்ணில். ஹியூவெலைட் நிலக்கரிப் படிவங்களிலும் தாதுநரம்புகளிலும் கிடைக்கிறது.

ஆனால் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் விதிப்படி, நிலவியல் செயல்பாடு எதுவும் கலக்காமல் உயிரே முழுக்கச் செய்தது கனிமப் பட்டியலில் சேராது. சிறுநீரகக் கல்லும் மெல்லுடலி ஓடும் வெளியே. அதே ஓடு புதைந்து மாறிச் சுண்ணாம்புக்கல்லானால் உள்ளே. நிர்வாக வசதிக்கான கோடு இது, இதற்காகச் சண்டை போடுவதில் பொருளில்லை என்பது என் கட்சி.

எனக்கு இதைவிடச் சுவையானது கனிமவியலாளர் ராபர்ட் ஹேசன் குழு 2008இல் வைத்த வாதம். விண்கற்களில் அன்று அறிந்திருந்தவை மொத்தம் 250 போலக் கனிமங்கள்தான். பூமியில் அன்று பட்டியலில் இருந்தவை நான்காயிரத்துக்கும் மேல். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, நேரடியாகவோ மறைமுகமாகவோ, உயிர் இருந்ததால் வந்தவை என்கிறார்கள். பெரும்பாலும் மறைமுகம்தான். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளிச்சேர்க்கை ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. செம்புத் தாதுக்கள் ஆக்சிஜன் பட்டு மாறி மாலகைட், அசுரைட் போன்றவை வந்தன. ஒரு பாக்டீரியாவும் மாலகைட்டைத் தொடவில்லை, ஆனாலும் பாக்டீரியா இல்லாவிட்டால் பூமியில் பச்சை மாலகைட்டைப் பார்த்திருக்க முடியாது.

எதிர்க்கேள்வி எழுதியது:

மறைமுகத்தையும் கணக்கில் சேர்த்தால் எதைத்தான் உயிர் செய்யவில்லை! எதற்கெடுத்தாலும் பாக்டீரியாவைக் கூப்பிடும் பழக்கத்துக்கு டோலமைட் ஒரு நல்ல பாடம்.

டோலமைட் என்ற கார்பனேட் கனிமத்தில் கால்சியமும் மக்னீசியமும் அடுக்கு மாற்றி அடுக்காக இருக்க வேண்டும். பழைய பாறைகளில் மலைமலையாக இருக்கிறது, இன்றைய கடலில் அரிது. லிண்டன் லேண்ட் என்ற நிலவியலாளர் ஆயிரம் மடங்கு அதிதெவிட்டிய கரைசலை 25 டிகிரியில் 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்தார். டோலமைட் வரவில்லை, 1998இல் அதையே கட்டுரையாக எழுதினார். 1995இல் பிரேசிலின் ஒரு காயலில் இருந்து எடுத்த சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாவோடு டோலமைட் வந்தது என்றதும், ஆகா, பாக்டீரியாதான் விடை என்றார்கள்.

2023இல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு வேறு வழி காட்டியது. படிகம் வளரும்போது கால்சியமும் மக்னீசியமும் இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன, அந்தப் பிழை அடுத்த அடுக்கைத் தடுக்கிறது. கரைசல் அவ்வப்போது தெவிட்டாத நிலைக்குப் போனால், தவறான இடத்தில் உள்ள அணுக்கள்தான் முதலில் கரையும். மறுபடி வளரும்போது ஒழுங்கு கூடும். அவர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கற்றையை இரண்டு மணி நேரத்தில் 4000 முறை துடிக்கவிட்டு, கரைத்துக் கரைத்து வளர்த்தார்கள். ஏறக்குறைய 300 அடுக்குகள் வந்தன, முன்பு ஐந்துக்கு மேல் வந்ததில்லை. மழையும் வெயிலும் ஓதமும் மாறி மாறி வரும் கரையோரத்தில் இது தானாகவே நடக்கும். லேண்ட் தன் கரைசலை அசையாமல் வைத்திருந்ததே வினை!

நுண்ணோக்கி எழுதியது:

அருமையான ஆய்வுதான். ஆனால் அது பாக்டீரியாவைத் தள்ளிவைக்கவில்லை. நுண்ணுயிர்ப் படலத்தில் பகலில் ஒளிச்சேர்க்கை நடக்கும், இரவில் சுவாசம் மட்டும். பி.எச். தினமும் ஏறி இறங்கும். நீங்கள் சொன்ன கரைதலும் வளர்தலும் அங்கேயும் நடக்கலாமே.

தேடல் எழுதியது:

கடைசியாக ஒன்று. ஒரு படிகத்தை மட்டும் கையில் கொடுத்தால், செய்தது உயிரா இல்லையா என்று சொல்ல முடியுமா?

கரைசல் எழுதியது:

முள்ளெலி முள் மாதிரி வடிவம் இருந்தால் சொல்லலாம். வெறும் துகள் என்றால் வம்புதான்.

ரிச்சர்ட் பிளேக்மோர் 1975இல் சேற்றுப் பாக்டீரியாக்கள் நுண்ணோக்கியின் கீழ் வைத்த நீர்ச்சொட்டின் ஒரே ஓரத்தில் போய்க் கூடுவதைப் பற்றி எழுதினார். காந்தத்தை நகர்த்தினால் அவையும் திரும்பின. உள்ளே மேக்னடைட் துகள்கள் வரிசையாக, ஒரே அளவில், மிகத் தூய்மையாக இருந்தன. இத்தகைய அடையாளங்களையும் ஒரு சான்றாக வைத்து 1996இல் நாசாவின் டேவிட் மெக்கே குழு, அண்டார்க்டிகாவில் 1984இல் எடுத்த செவ்வாய் விண்கல்லான ஏ.எல்.எச்.84001இல் உயிரின் தடயம் இருக்கலாம் என்றது. அதிலும் கார்பனேட் உருண்டைகளுக்குள் நுண்ணிய மேக்னடைட் இருந்தது. பிறகு இரும்புக் கார்பனேட்டைச் சூடாக்கிப் பார்த்த ஆய்வகங்களில் அதேபோன்ற மேக்னடைட் வந்தது, உயிரே இல்லாமல். இன்று பெரும்பாலானோர் அந்தத் தடயத்தை ஏற்பதில்லை.

துகள்கள் சங்கிலியாக இருக்கின்றனவா, எல்லாம் ஒரே அளவா, வேறு உலோகங்கள் கலந்திருக்கின்றனவா, சுற்றியுள்ள படிவம் எந்த வெப்பத்தைக் கண்டது, இத்தனையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பக்கமாகச் சொல்ல முடியும். படிகத்தைப் பெயர்த்தெடுத்துக் கையில் கொடுக்கும்போதே இவற்றில் பாதி தொலைந்துவிடுகிறது. அடுத்த முறை பாறையோடு சேர்த்துக் கொடுங்கள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

முதல் தடவையாகக் கரைசலோடு முழுக்க உடன்படுகிறேன். பவளத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன், நுண்ணோக்கி அங்கே வரவும்.